பின் சீட்டில் ஒரு மூச்சு

ரீத்தா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். காருக்குள் மூச்சுச் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

காலையிலேயே மழை இருட்டு. ரெங்கம் ஊரைத் தாண்டியதும் இருபுறமும் செம்பனை மரங்கள் சாலை மேல் கவிந்துகொள்ள, வைப்பர் இழுபடும் சத்தமும் ஈர மட்டைகளின் புளித்த வாடையும் உள்ளே வந்து தேங்கிநிற்க, அவற்றுக்கெல்லாம் அடியில், கொஞ்சமும் அவசரமில்லாமல், பின் சீட்டிலிருந்து யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். பின் சீட்டில் யாரும் இல்லை. அவள்தான் ஏறும்போதே பார்த்தாளே!

குளுவாங் டவுனில் மனநல டாக்டரைப் பார்க்கப் போகிறாள். முதல் தடவை புருஷன் அட்ரியன் கூட்டிப்போனான். "இது பதற்ற நோய்மா. பைத்தியமும் இல்ல, பேயும் இல்ல" என்றார் டாக்டர். "பயம் போகட்டும்னு காத்திருக்காதீங்க. பயத்தோடவே வண்டிய எடுங்க."

எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் வழியிலுள்ள ஆற்றுப் பாலத்துக்கு முன்னாலேயே நெஞ்சு அடைத்து, செத்தோம் என்று திரும்பிவிட்டாள்.

போன் ஸ்பீக்கரில் அட்ரியன். "எங்க இருக்க?"

"பாலம் வரப்போகுது."

"ஐயோ அலமாக், குரலே சரியில்லையே! திரும்பிடு லா. இனிமே சாவி என்கிட்டயே இருக்கட்டும். நீ வீட்ல இரு, யாரு என்ன கேக்கப்போறா?"

அன்பாகத்தான் சொன்னான். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்று சாவி போனால் நாளை வேலை போகும், கோயில் போகும், கடைசியில் வாசற்கதவே அவளுக்கு எல்லையாகிவிடும்.

"திரும்ப மாட்டேன். போன வைங்க."

பாலம் தெரிந்தது.

மூச்சு முன்னால் நகர்ந்தது. பிடரியில் பட்டது. ஜில்லென்று.

விரல்கள் மரத்தன. திரும்பு. திரும்பு. கை தானாக சிக்னல் லீவருக்குப் போனது.

"சீ!"

கையைப் பிடுங்கி ஸ்டியரிங்கில் வைத்தாள். பாலத்தில் ஏறினாள். மேலே கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தாள்.

இருந்தது.

அவள் சட்டை. அவள் முகம். வாய் மட்டும் அகலத் திறந்து, காற்றுக்குத் தவித்து.

அலறல் தொண்டை வரை வந்தது. கூடவே கோபமும் வந்தது. எத்தனை நாள் இதற்குப் பயந்து சாவது?

"வர்றதுன்னா வா," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "வண்டி ஓட்டறது நான். பெல்ட்டப் போட்டுக்கிட்டு பேசாம உக்காரு!"

பாலம் பின்னால் போனது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை, மிதித்தாள்.

கண்ணாடியில் அந்த வாய் மெதுவாக மூடிக்கொண்டது. வெளிறிய கை ஒன்று பக்கவாட்டில் நீண்டது. பெல்ட்டை இழுத்தது.

க்ளிக்.