சிறகில்லாத ஈக்கு ஒரு பெயர்

“உள்ள யாரு? வெளிய வாங்க! வெடி வைக்கப் போறோம்!”

குகை வாசலில் கேட்ட அந்தக் குரலுக்கு உள்ளே நூறு வௌவால்கள் ஒன்றாகச் சிறகடித்தன. பிரகதாம்பாள் மட்டும் அசையவில்லை. இடது கையில் டார்ச் லைட். வலது கையில் சின்ன இடுக்கி. புடவைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு பாறைச் சுவரோடு ஒட்டி நின்றவள், திரும்பிப் பார்க்காமலே பதிலுக்குக் கத்தினாள்.

“சத்தம் போடாதீங்க! எல்லாம் பறந்துரும்!”

வெளியே காலடிச் சத்தம் சட்டென்று நின்றது. வெடி என்றதும் அலறியடித்து ஓடுகிறவர்களைத்தான் அந்தக் குரல் பார்த்திருக்கும் போல...

பிறகு குனிந்து உள்ளே நுழைந்தான் ஒருவன். தலையில் முண்டாசு. கக்கத்தில் சிவப்புக் கொடி. முகம் முழுக்கக் கல் தூசி. அந்தத் தூசிக்கு நடுவே இரண்டு கண்கள் மட்டும் பளிச்சென்று... மழையில் நனைந்த கருங்கல் இப்படித்தான் மின்னும் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது.

“என்னங்க நீங்க... மேல ஆறு குழியில மருந்து கெட்டிச்சு வச்சிருக்கு. இங்க நின்னு வவ்வாலுக்குப் பேன் பாத்துக்கிட்டு இருக்கீங்க!”

“பேன் இல்ல. ஈ.”

“ஈயா?”

“றெக்கை இல்லாத ஈ.”

“றெக்கை இல்லேன்னா அது எப்படிங்க ஈ?”

“முண்டாசு இல்லேன்னா நீங்க வேற ஆளா ஆயிருவீங்களா?”

அவன் கை தானாகப் போய் முண்டாசைத் தொட்டுப் பார்த்தது.

அது 1961ஆம் வருடத்து ஐப்பசி. பிரகதாம்பாளுக்கு வயது இருபத்து நான்கு. புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் செய்முறை வகுப்பு எடுக்கும் டெமான்ஸ்ட்ரேட்டர். போன மாதம் மாணவிகளோடு நார்த்தாமலைப் பக்கம் வந்தபோது, குகை வாசலில் விழுந்து கிடந்த ஒரு வௌவாலின் ரோமத்துக்குள் அதைப் பார்த்தாள். கடுகை விடக் கொஞ்சம் பெரிசு. சிலந்தி மாதிரி கால்கள். தலையைப் பின்னுக்கு மடித்து முதுகின்மேலேயே சாய்த்து வைத்துக்கொண்டு, வௌவாலின் ரத்தத்தைக் குடித்து வாழ்கிற ஒட்டுண்ணி. கல்லூரியில் இருந்த புத்தகங்களையெல்லாம் புரட்டிவிட்டாள். சென்னைக்குப் போய் நூலகத்தில் மூன்று நாள் உட்கார்ந்தாள். எந்த ஏட்டிலும் அந்த ஈ இல்லை. உலகத்தில் யாரும் இன்னும் பெயர் வைக்காத ஓர் உயிர்... அவள் கண்ணில் பட்டிருந்தது!

ஆனால் அந்த வௌவாலில் கிடைத்த நான்கும் பெண் ஈக்கள். ஆண் ஈயின் வயிற்று நுனியில் கொக்கி மாதிரி ஓர் உறுப்பு உண்டு. அதைப் படம் வரைந்து காட்டினால்தான் இது வேறு இனம் என்று நான்கு பேர் ஒப்புவார்கள்.

“எனக்கு ஒரு ஆண் வேணும். அது கெடைக்காம வெளிய வர்றதா இல்ல” என்றாள் அழுத்தமாக.

சொன்ன பிறகுதான் சொன்னது எப்படிக் கேட்டிருக்கும் என்று புரிந்தது. நல்லவேளை, குகைக்குள் இருட்டு. அவன் இருமினான். இருமலா, சிரிப்பா...?

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“அதென்ன டவுன் பஸ்ஸா, நேரத்துக்கு வர்றதுக்கு?”

அப்போது வெளியே ஜீப் ஒன்று உறுமி நின்றது. அவன் முகம் மாறியது. “இங்கனயே இருங்க, வாரேன்” என்று போனான். யாரோ அதட்டுவது கேட்டது. வார்த்தைகள் புரியவில்லை. திரும்பி வந்தபோது அவன் மடி புடைத்திருந்தது, தாடை இறுகியிருந்தது. குரலில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

“தேடுங்க. நானும் புடிச்சுத் தாரேன்.”

வெடிமருந்து கெட்டிக்கிற கை அது. அத்தனை பதமாக அவன் வௌவால்களைப் பிடித்துக் காட்டுவான் என்று அவள் நினைக்கவில்லை. விரல்களால் கூடு மாதிரி செய்து, சிறகு மடங்காமல் ஏந்தி நீட்டினான். அவள் ரோமத்தை ஊதி விலக்கித் தேடினாள். ஒன்று... ஐந்து... பதினொன்று... ஒவ்வொரு முறையும் இருவர் தலையும் முட்டுகிற அளவுக்குக் குனிய வேண்டியிருந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. குகை வாசலில் தண்ணீர் கயிறு கயிறாக இறங்கியது.

பதினான்காவது வௌவாலின் கழுத்தடியில்...

“இருக்கு!” லென்ஸை வைத்துப் பார்த்தாள். கொக்கி! “ஆண்தான்... ஆண்தான்!”

“அப்ப ஈ வீட்டுல கல்யாணம்னு சொல்லுங்க” என்றான் அவன்.

ஸ்பிரிட் குப்பிக்குள் ஈயை இறக்கி மூடியவள், நிமிர்ந்து முதல்முறையாக அவனை நேராகப் பார்த்தாள். அவனும் பார்த்தான்.

“ஒங்க பேரு?”

“சேவுகன். குவாரியில சூப்பர்வைசர்.”

மழை விட்டதும் பஸ் ரோடு வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனான். அவள்தான் பார்த்தாள்... இரண்டு தடவை.

பத்து நாள் கழித்து நன்றி சொல்லலாம் என்று போனாள். நன்றி மட்டும்தான் என்று பஸ்ஸில் வரும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். போனால், குகை இருந்த இடத்தில் வெறும் வானம். உடைந்த பாறைகள் சரிந்து கிடந்தன. கல் சுமக்கும் பொன்னுத்தாய் என்ற பெண் கூடையை இறக்கிவிட்டு அவளருகே வந்தாள்.

“வவ்வாவெல்லாம் வெடிக்கு முந்தின நாளே எந்திரிச்சுப் போயிருச்சுங்க, டீச்சரம்மா. சேவுகனை நீங்க வந்த அன்னைக்கே போகச் சொல்லிட்டாக.”

“ஏன்?”

“ஒங்களுக்குத் தெரியாதா? உள்ள ஒரு பொம்பள இருக்குன்னு அவரு சொன்னாரு. காண்டிராக்டர் மலையாண்டி கேக்கல. ‘மொதக் குழியைக் கொளுத்து, சத்தம் கேட்டா தன்னால ஓடியாருவா’ன்னாரு. இந்த மனுசன் ஆறு குழியிலயும் திரியை உருவி மடியில கட்டிக்கிட்டாரு. அம்புட்டுத்தான். இப்ப இந்தச் சுத்துவட்டாரத்துல எந்தக் குவாரியிலயும் அவருக்கு வேலை கெடையாது.”

அந்தப் புடைத்த மடி... ஒரு வார்த்தை சொன்னானா? குகைக்குள் நின்று ஈ வீட்டுக் கல்யாணம் பேசினானே!

அன்னவாசல் பக்கம் ஒரு கொல்லையில் கிணறு வெட்டுகிறான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு நேராகப் போய் நின்றாள். அவன் கிணற்று மேட்டில் உட்கார்ந்து உளியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

“எனக்காக வேலையை விடச் சொல்லி யாரு கேட்டா?” என்றாள் எடுத்த எடுப்பிலேயே.

“ஒங்களுக்காக இல்ல, டீச்சர். உள்ள ஆடு நின்னாலும் திரியை உருவியிருப்பேன்.”

“ஆட்டுக்கும் எனக்கும் வித்தியாசமே இல்லையா?”

“ஆடு இம்புட்டுக் கத்தாது.”

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். “அந்த ஈக்கு ஒங்க பேரை வைக்கப் போறேன். லத்தீன்ல ‘சேவுகனி’ன்னு வரும்.”

அவன் உளி நின்றது. “ரத்தம் குடிக்கிற ஈக்கா என் பேரு?” என்று சிரித்தவன், மெல்லச் சிரிப்பை விழுங்கினான். “வேண்டாங்க. ஒங்களுக்குத் திருச்சியில பெரிய எடத்துல கல்யாணம் பேசியிருக்காகன்னு கேள்விப்பட்டேன். கெணறு வெட்டுறவன் பேரோட ஒங்க பேரு சேந்து நிக்க வேணாம்... வெயில் ஏறுது, போயிட்டு வாங்க.”

“பேரு வைக்கிறது என் உரிமை. ஒங்ககிட்ட உத்தரவு கேக்க வரல, சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்!” விடுவிடுவென்று வரப்பில் நடந்தாள். கண் கலங்கியது கோபத்தில்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

மதியச் சாப்பாட்டு நேரங்களில், கல்லூரியின் ஒரே ஒரு நல்ல மைக்ராஸ்கோப்பில் குனிந்து ஈயின் ஒவ்வொரு முள்ளையும் எண்ணி எண்ணி வரைந்தாள். கட்டுரையைப் பார்த்த துறைத் தலைவர் பெயரிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

“யாரும்மா இந்தச் சேவுகன்?”

“குவாரியில இருந்தவர் சார்.”

“கல்லு உடைக்கிறவன் பேரை சயன்ஸுல எழுதறதா? நம்ம கரஸ்பாண்டென்ட் பேரை வை. லேபுக்கு இன்னொரு மைக்ராஸ்கோப் வாங்கித் தருவார். என் பேரையும் முதல்ல போட்டுடு. நீ எப்படியும் தை மாசம் கல்யாணமாகிப் போயிடுவே...”

“கரஸ்பாண்டென்ட் குகைக்குள்ள வந்தாரா சார்?”

“என்ன?”

“நீங்க வந்தீங்களா சார்?”

அன்று மாலையே மைக்ராஸ்கோப் பெட்டிக்குப் பூட்டு விழுந்தது. அதனாலென்ன? படங்கள் முடிந்திருந்தன. மறுநாள் காலை தபாலாபீஸில் கட்டுரையை ரிஜிஸ்டர் செய்து கல்கத்தாவிலிருந்து வரும் விலங்கியல் பத்திரிகைக்கு அனுப்பினாள். எழுதியவர் என்ற இடத்தில் ஒரே பெயர். ஈக்கும் அவள் வைத்த பெயர்தான்.

செய்தி அப்பாவின் காதுக்குப் போகாமல் இருக்குமா? தாலுக்கா ஆபீஸ் கிளார்க் ஆத்மநாதன் மகளை எதிரே நிற்கவைத்துக் கேட்டார்.

“மாப்பிள்ளை வீட்டுல வேலையை விடச் சொல்றாங்க. நீ எவனோ ஒருத்தன் பேரை ஈக்கு வச்சு ஊரைச் சிரிக்க வைக்கிறே. என்னம்மா இதெல்லாம்?”

“எவனோ ஒருத்தன் இல்லப்பா. என் உசுரு பெருசுன்னு வேலையை விட்டவரு. திருச்சிக்காரங்களுக்கு நான் என் வேலையை விடணும், அவ்வளவுதான். எனக்கு அந்த எடம் வேண்டாம்.”

திருச்சிக்குக் கடிதம் போட அவர் மறுத்தார். அவளே போட்டாள். மூன்று மாதம் அந்த வீட்டில் சோறும் குழம்பும் மட்டுமே பேசிக்கொண்டன.

மாசி மாதம் கல்கத்தாவிலிருந்து பதில் வந்தது. கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். புதிய இனம்தான்! ஒரே ஒரு கேள்வி... சேவுகன் என்பவர் யார், அவர் பெயரை வைத்த காரணத்தை ஒரு வரியில் எழுதி அனுப்பவும்.

கடிதத்தோடு கிணற்று மேட்டுக்கு வந்தாள். கிணறு இப்போது நாற்பதடி ஆழம். சகடையில் இரண்டு பேர் கல் கூடையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் அடியில் நின்றான்.

“மேல வாங்க!”

“வேலை கெடக்கு, டீச்சர்! அங்கிட்டு நிழல்ல நில்லுங்க!”

“நீங்க யாருன்னு கல்கத்தாவுலேருந்து கேக்குறாங்க! என்ன எழுதட்டும்?”

“கெணறு வெட்டுறவன்னு எழுதுங்க!”

“எழுதிட்டேன்! ‘குகைக்குள் ஆள் இருந்ததால் வெடியை நிறுத்தி, அதனால் வேலையை இழந்தவர்’னு எழுதிட்டேன்! அது பத்திரிகைக்கு... ஒங்களுக்குச் சொல்ல வேற இருக்கு!”

கீழே அவன் வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டு பாறையைத் தடவிக்கொண்டிருந்தான். இந்த வீம்பு எத்தனை நாளைக்கு? பிரகதாம்பாள் கிணற்று விளிம்பில் மண்டியிட்டாள். சகடைக்காரர்கள் இருவரும் வாயைப் பிளந்தபடி கயிற்றைப் பிடித்து நின்றார்கள். நிற்கட்டும். கேட்கட்டும்.

“எனக்கு ஒங்களைப் புடிச்சிருக்கு!”

புடிச்சிருக்கு... புடிச்சிருக்கு... என்று கிணறு நான்கு பக்கமும் சொன்னது.

அவன் அண்ணாந்து பார்த்தான். பிறகு கயிற்றைப் பற்றி, படிக்கல்லில் கால்வைத்து ஏறி வந்தான். மூச்சு வாங்க, மார்பெல்லாம் சேறாக, அவளுக்கு இரண்டடி தள்ளி நின்றான். அந்தக் கண்கள்... இப்போது நிஜமாகவே நனைந்திருந்தன.

“ஒங்க அப்பாகிட்ட யாரு சொல்றது?” என்றான் மெதுவாக.

“சொல்லிட்டேன். காலையில காப்பி குடிக்கையில.”

“என்ன சொன்னாரு?”

“டம்ளரை வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.”

“அப்பறம்?”

“அப்பறம் நான் பஸ் ஏறிட்டேன். அவருக்குக் கோவம் தீர்ற வரைக்கும் தீரட்டும். நான் மாறப் போறதில்ல.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். காது மடல்கள் சிவந்திருந்தன. “நான்... அன்னைக்கு மழையிலேயே... பதினாலாவது வவ்வா வர வேணாம்னு நெனச்சேன். அது கெடச்சா நீங்க போயிருவீகளே...”

“கேக்கல” என்றாள் அவள்.

“என்னது?”

“நான் ஊருக்கே கேக்குற மாதிரி சொன்னேன். நீங்க காதோட முணுமுணுக்கிறீங்க.”

சகடைக்காரர்களில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். சேவுகன் அவளைப் பார்த்தான். சிரித்தான். முண்டாசை அவிழ்த்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, கிணற்றுக்குள் குனிந்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக் கத்தினான்.

“எனக்கும்!”