பூவம்மா போட்ட அட்டை

எர்ணாவூர் சிஸ்டர்சியன் கன்னியர் மடத்தில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கும் பூவம்மா, தண்டையார்பேட்டையில் குணசுந்தரி வீட்டு வாசலில் அழுதுகொண்டு நின்றாள்.

“நா திருடலம்மா! மடத்தக் கட்டுன சிஸ்டருங்க கப்பல்ல கொண்டாந்த கையெழுத்துப் புக்கு, அத காணோமாம். அலமாரிச் சாவியப் புடுங்கிட்டாங்க. சாயந்தரம் போலீசுக்குப் போவாங்களாம்.”

குணசுந்தரி ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு, எதற்கும் பதறாதவர். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரன் அசோகனுக்கோ துப்பு என்றால் சோறு தண்ணி வேண்டாம். “பழைய பேப்பர் கடைல பூந்து பாத்துரலாமாக்கா?” என்றான்.

“மொதல்ல மடத்துக்கு வுடு.”

நூலகத்தில் மடத்தலைவி மதர் காத்திருந்தார். “காலையில்தான் கவனித்தேன். சகோதரிகளுக்கு இன்னும் சொல்லவில்லை. தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று தூசி தட்ட அதை மேசையில் எடுத்து வைத்தேன்.”

“அன்னிக்கு வேற இன்னா நடந்துச்சு?”

“தவக்காலத்துக்கு ஆளுக்கொரு புத்தகம் கொடுப்போம். பன்னிரண்டு பேர், பன்னிரண்டு புத்தகம். கொடுத்ததை முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டும். மாற்றக் கூடாது, அதைப்பற்றிப் பேசவும் கூடாது. பூவம்மாதான் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பழுப்பு அட்டை போட்டாள்.”

குணசுந்தரி அலமாரித் தட்டிலிருந்து பழுப்பு அட்டை போட்ட ஒரு புத்தகத்தை உருவிப் பிரித்தார். மதர் திகைத்தார். “இது நான் கொடுப்பதற்கு எடுத்து வைத்ததாயிற்றே!”

“பூவம்மா, எதுக்கெல்லாம் அட்டை போட்ட?”

“மேசைல இருந்த எல்லாத்துக்குந்தாம்மா. அந்தப் பழசும் உப்புக்காத்துல வீணாப் போவுதேன்னு அதுக்கும் போட்டேன். மதர் குடுத்தது போக மீந்தத தட்டுல வெச்சேன்.”

அசோகன் தலையில் கை வைத்தான். தன் வாயாலேயே மாட்டிக்கொண்டோம் என்று பூவம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குணசுந்தரி சிரித்தார். “சிஸ்டருங்க எல்லாரையும் கூப்புடுங்க மதர்.”

பன்னிரண்டு பேரும் வந்தார்கள்.

“அட்டை போட்டது பதிமூணு. கொடுத்தது பன்னெண்டு. கொடுக்க வேண்டியது இங்க மீந்து போச்சு. அப்ப அந்தப் பழசு உங்கள்ல ஒருத்தர் கைல கீது.”

“கிடைத்தவர் என்னிடம் சொல்லியிருப்பாரே!”

“மாத்தக் கூடாது, பேசக் கூடாதுன்னது நீங்கதான மதர்?”

எல்லாருக்கும் இளையவரான சிஸ்டர் ஜெரினா முகம் சிவக்க அறைக்கு ஓடி, புத்தகத்தோடு வந்தார். “எனக்கு லத்தீன் ஒரு எழுத்தும் தெரியாது மதர். எனக்கென்று கொடுத்த தவம் என்று நினைத்து, தினமும் நாலு பக்கம் பார்த்தேன்.”

முதலில் சிரித்தது மதர்தான். பிறகு அவர் கண் கலங்க, சாவியைப் பூவம்மாவின் கையில் வைத்து மூடினார். “மன்னித்துவிடு. ஒரு வார்த்தை உன்னைக் கேட்டிருக்கலாம்.”

“கேட்டிருந்தா அப்பவே சொல்லிருப்பேன் மதர்,” என்றாள் பூவம்மா. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்காத வயிறு அப்போதுதான் பசித்தது. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அடுப்படியில் கஞ்சி மீதமிருக்கிறதா என்று பார்க்கப் போனாள்.