சுவரோரம் நின்ற தும்பிகள்

நூற்றுப் பதினான்காவது பயிற்சி மணியில், ஒன்பதாம் கொண்டை ஊசி வளைவுக்கு மேலே, வெள்ளியங்கிரியின் தும்பி காற்றில் நழுவியது.

அவர் இருந்தது ஆழியாற்று அடிவாரத்தில், பயிற்சிக் கூடத்து நாற்காலியில். தலையில் சாயற்கவசம். கண்ணெதிரே மலை. இடப்புறம் இழுத்த காற்றைப் பதறாமல் எதிர்த்துத் திருப்பி, தும்பியை நேராக்கினார். ஆனாலும் பின்பக்கத்துச் சுழலிறகு ஒன்று சில்வர் ஓக் மரத்தின் கிளையை உரசிவிட்டது. 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அடுத்தடுத்து மூன்று மழைக்காலங்களில் சாலை சரிந்து மூடப்பட்ட பிறகு, வால்பாறைக்கு மருந்தும் அரிசியும் தபாலும் தும்பி என்று அழைக்கப்பட்ட ஆளில்லாப் பறக்கும் எந்திரங்களில்தான் போயின. பயிற்சியின்போது தவிர, அவற்றை யாரும் கீழிருந்து ஓட்டுவதில்லை. ஒவ்வொரு தும்பிக்குள்ளும் ஒரு மனிதரின் சாயல் இருந்தது. பயிற்சி பெறுபவர் கவசத்தை அணிந்து நூற்று இருபது மணி நேரம் ஓட்ட வேண்டும். எந்தக் காற்றுக்கு வேகத்தைக் குறைக்கிறார், எவ்வளவு பனிக்குத் திரும்பிவிடுகிறார், ஆட்கள் நடமாடும் இடத்தை எப்படிச் சுற்றிப் போகிறார், இறங்கியதும் என்ன சொல்கிறார் என்று எல்லாவற்றையும் கவசம் படி எடுத்துக்கொள்ளும். கணக்குப் போட்டு ஓட்டிய பழைய எந்திரங்களுக்கு, 'இன்றைக்கு வேண்டாம், திரும்பிவிடலாம்' என்று தோன்றியதே இல்லை. மனிதருக்குத் தோன்றும். அந்தத் தோன்றலுக்காகவே சாயல்.

தேறிய ஒருவரின் சாயலை இருநூறு தும்பிகளில் ஏற்றுவார்கள். முதல் தரத்தில் தேறினால் இருநூறின் இறக்கையிலும் அவர் பெயரை எழுதுவார்கள். பறப்பேட்டில் ஓர் உரசல் பதிவானாலும் முதல் தரம் கிடையாது.

வெள்ளியங்கிரி அறுபத்தோரு வயதில் வந்து சேர்ந்தது அந்தப் பெயருக்காகத்தான். அது அவருடைய தாத்தாவின் பெயரும்கூட. மூன்று தலைமுறையாக அந்த நாற்பது வளைவுகளில் பேருந்து ஓட்டிய குடும்பம். பேருந்தின் நெற்றியில் அந்தப் பெயர் இருந்தால், பிள்ளைத்தாய்ச்சியைக்கூட நம்பி ஏற்றி அனுப்பினார்கள். சாலை போனதோடு பேருந்தும் போனது. பெயரும் துருப்பிடித்த தகரத்தோடு கொட்டகையில் கிடந்தது.

"ஏனுங்க, மேல போயி ஹாரன் அடிச்சா கழுகு வழி விடுமாக்கும்?" என்று முதல் நாள் மனைவி கோகிலா கேட்டாள்.

"விடும். ஓட்டறது யாருன்னு அதுக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அன்றிலிருந்து சாப்பாட்டு மேசை மேலும் அவர் விரல்கள் விசை பிடித்துப் பழகின. காற்று வரைபடங்களை மனப்பாடம் செய்தார். எழுத்துத் தேர்வில் முதல் முறை தவறி, முதுகை வளைக்காமல் இரண்டாம் முறை போய் உட்கார்ந்தார்.

இப்போது, ஆறு மணி நேரமே பாக்கி.

தும்பியைக் கொட்டகைக்குள் கொண்டுவந்தவர், இறக்கும்போது அரை வட்டம் திருப்பி, அடிபட்ட பக்கம் சுவரைப் பார்க்கும்படி இறக்கினார். அதை அவர் யோசித்துச் செய்யவில்லை. கை செய்தது. அவருடைய வீட்டில் எந்தப் பேருந்திலாவது கீறல் விழுந்தால், கீறிய பக்கத்தைச் சுவரோரம் ஒட்டித்தான் நிறுத்துவார்கள். விடிவதற்குள் தட்டி நிமிர்த்தி, பெயிண்ட் அடித்துவிடுவார்கள். ஊருக்குத் தெரிந்தவரை அந்தக் குடும்பத்து வண்டியில் ஒரு நாளும் கீறல் விழுந்ததில்லை.

"குறை ஏதுமில்லை" என்று பறப்பேட்டுக்குச் சொன்னார். அதன் பிறகுதான் கவசத்தைக் கழற்றினார்.

தேநீர் இடைவேளையில் உதிரிப் பெட்டியிலிருந்து ஒரு சுழலிறகை எடுத்து, தானே மாட்டி, திருகாணியை இரண்டு முறை இறுக்கிப் பார்த்தார். பழுதோடு ஒரு வண்டியை வெளியே அனுப்பும் ஆள் இல்லை அவர்.

பயிற்றுநர் எஸ்தர் வந்தாள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்த பெண். அவருடைய மகள் வயதுதான்.

"ஐயா, ஒன்பதாம் வளைவுல ஒரு ஆட்டம் தெரிஞ்சுச்சே?"

"காத்துங்க அம்மிணி. மலைன்னா காத்து இருக்காதுங்களா?"

"எதுலயும் படலையே?"

"எங்கூட்டு வண்டில கீறல் விழுந்துச்சுன்னு எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"நான் உங்க வண்டியையே பாத்ததில்லயே ஐயா. எனக்கு வெவரம் தெரிஞ்சப்ப ரோடே இல்ல."

அவர் சிரிக்கவில்லை. அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை.

முதல் தரம் கிடைத்தது. இருநூறு தும்பிகளின் இறக்கையில் கறுப்பு எழுத்தில் 'வெள்ளியங்கிரி' என்று எழுதினார்கள். தினமும் காலையில் அவர் வீட்டு வாசலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்று பார்ப்பார். தாத்தாவின் பெயர் வரிசையாக மலையேறிப் போகும். ஏழு மாதம் ஒரு தும்பிகூட எந்தக் குறையையும் சொல்லவில்லை. முப்பத்திரண்டு ஓட்டிகளின் சாயல்களில் அவருடையதே முதலிடம்.

எட்டாம் மாதம் ஒன்று விழுந்தது.

கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் தோள்பட்டை முறிந்தது. இரண்டடி தள்ளி விழுந்திருந்தால் தலை. கீழே விழுந்த தும்பி உடைந்து நொறுங்கியிருந்ததால் காரணம் தெரியவில்லை. அதன் பறப்பேட்டில் முந்தைய நாள்வரை 'குறை ஏதுமில்லை' என்றே இருந்தது.

எஸ்தர் அவரை வரச்சொன்னாள். கொட்டகை வாசலில் ஒரு தாளை நீட்டினாள்.

"பறவை மோதிருக்கும்னு விசாரணைக் குழு முடிவு பண்ணிருச்சு ஐயா. ஏழு மாசமா ஒரு குறை இல்லாத சாயல்ல வேற என்ன சொல்றது? நீங்க கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. மத்தியானம் உங்க தும்பிங்க கெளம்பணும். ஆஸ்பத்திரிக்கு ரத்தம் போகுது."

"கையெழுத்துப் போடறனுங்க. அதுக்கு முன்ன என்ற வண்டிகள ஒருக்கா பாத்துக்கறேன்."

கொட்டகையின் நடுவே நீண்ட நடைபாதை. அதன் உத்தரத்தில் ஓடும் பார்வைக் கருவி, நடைபாதையைப் பார்த்திருக்கும் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டே போகும். மற்றதைத் தும்பியே சொல்ல வேண்டும். அதிர்வுமானிகள் பொய் எச்சரிக்கை தந்து சலித்துப்போனதால், பழுதைச் சொல்லும் பொறுப்பையும் சாயலிடமே விட்டிருந்தார்கள்.

வெள்ளியங்கிரி தன் வரிசைக்கு வந்தார். நான்கடி நடந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

மற்ற வரிசைகளில் தும்பிகள் எல்லாம் முகம் காட்டி ஒரே சீராக நின்றன. அவருடைய வரிசையில் சில மட்டும் அரை வட்டம் திரும்பியிருந்தன. சில கால் வட்டம். எல்லாமே மிக ஒழுங்காக, சுவரை ஒட்டி.

"இதுங்க மட்டும் இப்படித்தான் ஐயா நிக்கும்" என்றாள் எஸ்தர். "காத்துக்காகத் திரும்புதுன்னு நாங்க நெனச்சோம்."

அவர் சுவருக்கும் தும்பிக்கும் இடையே உடம்பை நுழைத்துக் கையை விட்டார். சுழலிறகின் ஓரம் பல் பல்லாக வெட்டுப்பட்டிருந்தது. அடுத்தது. விரிசல். அதற்கும் அடுத்தது. விரலில் ரத்தம் வந்தது.

மறைப்பது வரைக்கும் அவை கற்றிருந்தன. பிறகு அவர் இறகை மாற்றியதைக் கவசம் பார்க்கவே இல்லை. அப்போது அது ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்திருந்தாலும் திருகாணியை இறுக்க அவற்றுக்குக் கைகள் ஏது?

வெளியே வந்தபோது அவர் சட்டையெல்லாம் சுண்ணாம்பு. அதைத் தட்டிவிடவில்லை. எஸ்தரின் கையிலிருந்த தாளில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். மதியம் தாத்தாவின் பெயர் மலையேறும், ரத்தத்தைச் சுமந்துகொண்டு, வெட்டுப்பட்ட இறகோடு.

"அம்மிணி, என்ற பேர் இருக்கற ஒண்ணயும் இன்னைக்கு எடுக்கக் கூடாது."

"ஐயா?"

"ஒன்பதாம் வளைவுல மரத்துல பட்டுச்சு. நான் மறைச்சேன். திரும்பி நிக்கறது அத்தனையும் அடிபட்ட வண்டிங்க. செவுத்துப் பக்கம் போய்ப் பாருங்க."

எஸ்தர் சுவரோரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "இத எழுதினா உரிமம் போயிரும் ஐயா. பேரையும் அழிச்சிருவாங்க."

"அழிக்கட்டும். ஒரு பொம்பளையோட தோள ஒடச்ச பேரு அது." அவர் தாளைத் திருப்பி, பின்பக்கத்து வெற்றிடத்தில் நின்றபடியே எழுதினார். தேதி, நேரம், வளைவு, மரம், எந்தச் சுழலிறகு. அந்தக் குடும்பத்தில் ஒரு கீறலை எழுதிவைத்தது அதுவே முதல் தடவை. எழுதி முடித்துக் கையெழுத்தும் போட்டார். "நாளைக்குக் காலைல வர்றேன். ஒண்ணாம் மணியிலருந்து திருப்பிச் சொல்லிக் குடுங்க. கவசத்தக் கழட்டாம எறகு மாத்தறேன். அது நல்லாப் பாத்துக்கட்டும்."

"உங்களுக்கு வயசு அறுபத்திரண்டு ஆவுது ஐயா."

"நூத்தி இருவது மணி நேரந்தானுங்களே."

எஸ்தர் தாளை வாங்கிக்கொண்டாள். அவர் நகரவில்லை.

"இன்னொண்ணுங்க அம்மிணி. என்ற வண்டிங்க எப்படி மறைக்கும்னு எனக்குத் தெரிஞ்சுது. அது எங்கூட்டுப் பழக்கம். பாக்கி முப்பத்தியொரு பேரு வீட்டுல என்ன பழக்கமோ?"

எஸ்தர் நின்ற இடத்திலிருந்தே ஒவ்வோர் ஓட்டியையும் கைபேசியில் அழைத்தாள். வந்து உங்கள் தும்பிகளை நீங்களே ஒருமுறை பாருங்கள் என்றாள். ஒரு முன்னாள் ராணுவ வீரர் கோபித்துக்கொண்டார். ஒரு கல்லூரி ஆசிரியை சிரித்தாள். ஒருவர், "யாரு புகார் குடுத்தது?" என்றார். முப்பது பேரிடமும் பேசி முடித்தாள். வார்த்தைதான் மாறியது, வந்த பதில் ஒன்றுதான்.

"நம்ம தும்பியில ஒரு குறையும் இல்லீங்க."

முப்பத்தொன்றாவது பெயர் எஸ்தருடையது.

அவள் கைபேசியை அணைத்துவிட்டுத் தன் வரிசைக்கு நடந்தாள். அங்கே தும்பிகள் முகம் காட்டி, வரிசை பிசகாமல் நின்றன. அவள் சுவர்ப் பக்கம் போகவில்லை. முதல் தும்பியின் முன் மண்டியிட்டு, தேடாமல், நேராக, பார்வைக் கருவிக்கு எட்டாத அதன் அடிவயிற்றுக்குக் கீழே கையை விட்டாள்.