பக்கத்து இருக்கைக்குச் சொன்ன சொல்

1887ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 9ஆம் நாள், பிரான்சின் நான்சி நகரத்து மருத்துவர் துவனெல், ஒருத்திக்கு மட்டும் சொல்லவேண்டிய சொல்லை இருவருக்குள் இறங்கும்படி சொன்னார். அந்தப் பிழையை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

துணியில் பூவேலை செய்து பிழைத்த ஒதீல், வலக்கை நடுக்கத்துக்காக அவரிடம் போயிருந்தாள். நோயாளிகளை நீண்ட பலகையில் தோளோடு தோள் உட்காரவைத்து, நெற்றியில் கைவைத்து, வரிசையாக அறிதுயிலில் ஆழ்த்துவது அங்கே வழக்கம். விழித்திருக்கும் மனம் வாயிற்காவலன், அவனை உறங்கவைத்துவிட்டால் சொல் நேரே ஆழ்மனத்துக்குள் போய்விடும், ஆழ்மனம் எதையும் மறுத்துப் பேசாது என்பது அவர் விளக்கம். வந்த சொல் யாருக்கு வந்தது என்றும் அது கேட்காது என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

மறுநாளே நடுக்கம் நின்றது. ஆனால் அன்று பிற்பகல், சன்னல் வழியே வெயில் மேசைவரை நீண்டு கிடந்த அடுக்களையில், ஊறவைத்த மாட்டுத்தோலின் புளித்த வாடை, கொதிக்கும் காப்பியின் மணத்தை மெல்ல மெல்ல ஓரங்கட்டிக்கொண்டு எழுவதை ஒதீல் உணர்ந்தாள். காலையில் முழுதாக வாங்கிவைத்த ரொட்டி பாதியாகக் குறைந்திருந்தது. சன்னலைத் திறந்தாள். கீழ்வீட்டுச் சலவைக்காரி ஒர்தான்ஸ் முற்றத்திலிருந்து அண்ணாந்து பார்த்தாள்.

"ஏண்டி ஒதீல், கமுக்கமா ஆள் சேத்துட்டியா? காலையிலேருந்து ரொட்டிய மொக்குறாரே, யாருடி அந்த மனுஷன்?"

"எந்த மனுஷன்?"

"ஆமா, நான் கொத்திக்கிட்டுப் போயிடுவேன் பாரு! உன் தோளுக்குப் பின்னாலதான நிக்கிறாரு."

ஒதீல் திரும்பினாள். வெயில். மேசை. சுவர்.

மருத்துவர் வீட்டுக்கு ஓடினாள். முந்தின நாள் பலகையில் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த ஃபிலோமேன், மருத்துவருக்குக் கொடுக்க ஒரு கூடை முட்டையோடு வாசலில் காத்திருந்தாள். மாட்டுத்தோல் வாடை யாரிடம் அடிக்கும் என்று ஒதீல் அவளைக் கேட்டாள்.

"தோல் பதனிடுறவரு என் புருஷன். செத்து ரெண்டு வருஷமாச்சு. ஆனா தெனம் சமையக்கட்டுல வந்து குந்திக்குவாரு. 'அங்க யாரும் இல்ல, இனி உன் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேக்காது'ன்னு டாக்டரு சொன்னாரு பாருங்க, அதோட சரி! இப்ப எங்க போனாரோ, மகராசன்."

ஒதீல் உள்ளே போய் எல்லாவற்றையும் கொட்டினாள். துவனெல் குறிப்பேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நான் யாரைத் தொட்டுப் பேசுறேனோ அவங்களுக்குத்தாம்மா கேக்கும். கை சரியாச்சா இல்லையா?"

"ஆச்சு, டாக்டர். அந்தச் சொல்லை மட்டும் எடுத்துடுங்க."

"உங்களுக்குக் கொடுக்கவே இல்லையே. கொடுக்காதத எப்படி எடுக்கிறது?"

"அப்ப என் வீட்ல இருக்கிறது யாரு?"

"யாரும் கண்ணுல படலன்னு நீங்கதான சொல்றீங்க? அப்ப யாரும் இல்லன்னு அர்த்தம். போயிட்டு வாங்க."

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். அதே பதில். அதே குறிப்பேட்டில், அவள் பெயருக்கு நேரே, 'குணம்' என்ற சொல். ஒரு நிமிடம் நெற்றியில் கைவைத்துப் பத்துச் சொல் சொல்ல அந்த மனிதருக்கு என்ன கேடு? கத்தவேண்டும் போலிருந்தது. யாரிடம் கத்துவது?

தன் வீட்டுப் படியேறும்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. கண் என்றார். காது என்றார். மூக்கைச் சொல்லவில்லை. தொட்டுணரும் தோலையும் சொல்லவில்லை.

கதவைத் திறந்தாள்.

வாடை. மிக அருகில்.

மேசைக்கு எதிரே எதுவுமில்லை. மூச்சொலிகூட இல்லை.

கையை நீட்டினாள். ஒரு முழம். இன்னும் சற்று.

விரல் நுனியில் ஈரம்.

குளிர்ந்த உதடுகள்.

அவை அசைந்துகொண்டிருந்தன. விரைவாக. ஓயாமல். அவன் அவளிடம் பேசிக்கொண்டிருந்தான். மூன்று நாளாகப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறான்.

இதைப் படிக்கும் உங்களுக்கு எதிரே யாரும் இல்லை என்கிறீர்களா? கையை நீட்டிவிட்டு, பிறகு சொல்லுங்கள்.