பூட்டிய குடிலுக்குள் வந்த தேனீ

"யாரு... யாரு என் பூவையெல்லாம் பறிச்சுப் போட்டது?"

மொட்டை மாடியிலிருந்து மூத்த மருமகள் போட்ட சத்தத்தில், அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்த சின்னவள் திடுக்கிட்டாள். அவசரமாக அடுப்பை அணைத்தாள். அதற்குள் வீடே மாடிப்படி ஏறிவிட்டது.

மாடியில் இருந்தது மூத்தவளின் பசுமைக்குடில். பழைய ஜன்னல் சட்டங்களையும் பிளாஸ்டிக் தாளையும் சேர்த்து, அவளே பாடுபட்டு நிறுத்தியது. உள்ளே முலாம்பழக் கொடிகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூரை வரைக்கும் போயிருந்தன. பார்த்த இடமெல்லாம் மஞ்சள் பூ! ஆனால் காய்? அதுதான் இல்லை. பூத்ததெல்லாம் கொட்டிக்கொண்டே இருந்தது.

"வெயில் காலம் முடியறதுக்குள்ள ஒரு காயாவது பிடிக்கணும். இல்லேன்னா இந்தக் கூடாரத்தப் பிரிச்சிட்டு, சின்னவளுக்கு ஒரு பியூட்டி பார்லர் கட்டிடலாம்" என்று மாமியார் தீர்ப்புச் சொல்லியிருந்தார். சின்னவளின் கணவன் வேறு சும்மா இருக்காமல், அன்றைக்கே டேப்பை எடுத்துப்போய் மாடியை அளந்து வைத்தான். அன்றோடு சரி, மூத்தவள் சின்னவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதே இல்லை.

இப்போது மூத்தவளின் கையில் இதழ் பிய்த்த பூக்கள் ஒரு பிடி இருந்தன.

"பாருங்கத்தை! நான் குளிக்கப் போற நேரம் பார்த்து உள்ள நுழைஞ்சிருக்கா! காய் பிடிக்காமப் போனா யாருக்கு லாபம்? நீங்களே சொல்லுங்க!"

"நீயா பறிச்சே?" என்றார் மாமியார்.

"நான்தான்த்தை..."

மேலே சொல்ல வாயெடுத்த சின்னவள், அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

அவள் பறித்ததெல்லாம் ஆண் பூ. இதழைப் பிய்த்துவிட்டு, அடியில் குட்டிக் காய் மாதிரி புடைத்திருக்கும் பெண் பூவுக்குள் மெல்லத் தேய்த்துவிட்டிருந்தாள்; ஒன்றிரண்டை உள்ளேயே செருகியும் வைத்திருந்தாள். தேனீ செய்கிற வேலைதான். ஆனால் தேனீ எங்கே வரும்? 'என் குடிலுக்குள்ள ஒரு ஈ நுழைய முடியாது' என்று தெருவெல்லாம் பெருமையடித்துக்கொண்டு, மூத்தவள் ஒரு பொத்தல் விடாமல் ஒட்டி வைத்திருக்கிறாளே!

அதைச் சொன்னால் பழி போய்விடும். ஆனால், "அப்போ தப்பு உன் மேலதானா?" என்று மாமியார் மூத்தவளைப் பிடித்துக்கொண்டு, இப்போதே கூடாரத்தைப் பிரிக்க ஆள் கூப்பிட்டுவிடுவார். வேலை போனதிலிருந்து மூலையில் முடங்கிக் கிடந்த மூத்தவள், இந்தக் கூடாரம் வந்த பிறகுதான் வாய்க்குள் பாட ஆரம்பித்திருந்தாள். யாரோ ஒருவரின் பார்லரில் நாளெல்லாம் கால் கடுக்க நின்று வேலை பார்க்கும் சின்னவளுக்குச் சொந்தக் கடை ஆசை இல்லாமலா? இருந்தது, நிறையவே இருந்தது. ஆனால் அந்தப் பாட்டை நிறுத்திவிட்டுத் திறக்கிற கடை அவளுக்கு வேண்டாம்.

"வாயைத் திறக்கறாளா பாரு... கல்லுளிமங்கி!" என்று மூத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குடில் கதவில் ஒரு பெரிய பூட்டைத் தொங்கவிட்டாள்.

அதற்குப் பிறகு துணி காயப்போடுகிற சாக்கில்தான் சின்னவளுக்கு மாடி. பிளாஸ்டிக் தாளில் மூக்கை அழுத்தி எட்டிப் பார்ப்பாள். ஒரு நாள் அப்படிப் பார்த்தவள், ஈரத்துணியை நழுவவிட்டாள். காய்! எலுமிச்சை அளவில், பச்சைப் பசேலென்று! அங்கே ஒன்று... அதோ இன்னொன்று! வாயைப் பொத்திக்கொண்டு, குதிக்காத குறையாகப் படியிறங்கி ஓடினாள்.

"என்னடி, தனியாச் சிரிக்கறே?" என்றார் மாமியார்.

பதில் சொல்வதற்குள் மேலே மூத்தவளின் கூவல் கேட்டது. "காய் பிடிச்சிருச்சு! அய்யோ, எல்லாரும் ஓடி வாங்களேன்!"

வீடே அமர்க்களப்பட்டது. மூத்தவள் காயைத் தொடுவதும் சிரிப்பதும் அழுவதுமாக இருந்தாள். கூடவே ஒரு குத்தலும் வந்தது. "பூட்டுப் போட்டேன், காய் பிடிச்சுது! இப்பவாவது புரியுதா, யாரு கைவரிசைன்னு?"

சின்னவளின் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் காயைப் பார்த்த சந்தோஷம் அந்த அழுகையை விடப் பெரிதாக இருந்தது.

நாள் போகப் போக மூத்தவளின் துள்ளல் குறைந்தது. ஒரு காலையில் அவள் விறுவிறுவென்று இறங்கி, நேராக அடுப்படிக்கு வந்தாள். கையில், பிடித்த காயின் நுனியில் ஒட்டியிருந்த ஒரு காய்ந்த பெண் பூ. அதற்குள் செருகினபடியே சுருங்கிப்போன இன்னொரு பூ.

"பூட்டறதுக்கு முன்னாடி பூத்ததுலதான் காய் நிக்குது. பூட்டினப்புறம் பூத்தது அத்தனையும் கொட்டுது. பூவுக்குள்ள பூவைச் செருகி வச்சது யாரு? சொல்லு... என்னடி பண்ணே நீ?"

சின்னவள் தலை குனிந்தாள். "தேனீ வேலை பார்த்தேன்க்கா..."

பக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்த மாமியார் டம்ளரை அப்படியே கீழே வைத்தார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா? அவ்வளவு பேச்சுப் பேசினேனே, பாவி நான்!" என்று மூத்தவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"சொல்லியிருந்தா அன்னிக்கே கூடாரத்தப் பிரிச்சிருப்பாங்களே..."

"பிரிச்சா உனக்குப் பார்லருடி!"

"பார்லர் எங்கக்கா ஓடிப் போகுது? நீங்க பாடறத நிறுத்திட்டா, நான் எங்க போய்க் கேக்கறது?"

அவ்வளவுதான். மூத்தவள் அவளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். "அத்தை, கேட்டுக்கோங்க! தப்பு பூரா என்னுது. என் வாசல் ரூமுக்குத் தெருவைப் பார்த்துக் கதவு இருக்கு. நான் பின்னாடி போய்ப் படுத்துக்கறேன். இவ பார்லர் அங்கதான்!"

"இதுல நான் சொல்ல என்னடி இருக்கு?" என்று மாமியாரும் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

மூத்தவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். "இந்தா. இனிமே நீதான் திறக்கணும்."

"சாவி எதுக்குக்கா? கதவைத் திறந்தே வைங்க."

இரண்டு பேரும் மாடிக்கு ஓடினார்கள். பூட்டைக் கழற்றிக் கதவை விரியத் திறந்து, ஒட்டி வைத்திருந்த தாளையெல்லாம் பரபரவென்று உரித்தார்கள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு தொட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு தேனீ வாசலில் தயங்கி, உள்ளே வந்து, ஒரு மஞ்சள் பூவுக்குள் தலையை விட்டது.

மூத்தவள் சின்னவளின் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஏய்... உன் வேலை போச்சுடி!"