தலைகீழ் நகல்

கரோலின் கைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்த எஸ்.எஸ்.டி. சேமிப்பு வட்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் போலிருந்தது.

"என் ஆராய்ச்சி முழுசும் இதுலதான் சார் இருந்துது. இப்ப ஒண்ணும் இல்ல" என்றாள்.

தேவதாசன் வட்டைத் தொடவில்லை. காவல்துறையின் கணினிக் குற்றப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று, முருகன்குறிச்சியில் ஒரு மருந்துக்கடை மாடியில் அலுவலகம் போட்டிருந்தார். வருகிறவர்களை முதலில் பேசவிடுவது அவர் வழக்கம். பத்திரிகை வேலையை உதறிவிட்டு அவரிடம் சேர்ந்திருந்த டார்லினுக்கு அந்தப் பொறுமை கிடையாது. "எப்படிப் போச்சு? யாரு கையில குடுத்தீங்க?" என்று அவள்தான் கேட்டாள்.

கரோலின் கல்லூரியில் விலங்கியல் கற்பிப்பவள். பாபநாசத்திலிருந்து சீவலப்பேரி வரை தாமிரபரணிக் கரையில் அலைந்து, ஆற்றுத் தட்டான்பூச்சிகளைப் படமெடுத்துக் குறிப்பெழுதி வைத்திருந்தாள். சில இனங்களை அவளைத் தவிர வேறு யாரும் அந்த ஆற்றில் பார்த்ததில்லை. அதைக் கேள்விப்பட்டு டேராடூனில் ஓர் ஆய்வு நிலையம் வேலைக்கு அழைத்திருந்தது. படங்களையும் குறிப்புகளையும் நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

"தனியா ஒரு நகல் வச்சிருந்தேன். வெள்ளத்துல வீட்டுக்குள்ள தண்ணி வந்தப்ப அது போச்சு. மிச்சம் இருந்தது லேப்டாப்புல உள்ளது மட்டுந்தான். அதுலயும் இடம் நிறைஞ்சு, விண்டோஸ் திறக்கவே திணறிச்சு. அதான் விண்டோஸோட சேத்து எல்லாத்தையும் அப்படியே பெரிய எஸ்.எஸ்.டி.க்கு மாத்திரலாம்னு புதுசா ஒண்ணு வாங்கினேன். எனக்குக் கல்லூரி இருந்துது. 'நீ போ, நான் பாத்துக்கிடுதேன்'னு அவுகதான் கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ணுத ரசீத் கடைக்குக் கொண்டுபோனாக."

அவுக என்றது கணவன் ஜெய்சனை. சாயங்காலம் அவன் திரும்பியபோது முகம் செத்துப்போயிருந்தது. நிறைந்த வட்டைக் காலி வட்டுக்கு நகலெடுப்பதற்குப் பதில், ரசீத் தலைகீழாகக் காலி வட்டை நிறைந்த வட்டின்மேல் நகலெடுத்துவிட்டான். எல்லாம் அழிந்தது.

"ரசீத் ஒத்துக்கிட்டானா?" என்றார் தேவதாசன்.

"அழுதுக்கிட்டே ஒத்துக்கிட்டான். எனக்குத் தெரிஞ்ச எல்லா வாட்ஸ்அப் குழுவுலயும் அவன் பேரைப் போட்டு எழுதினேன். கடையை மூடிட்டான். அதுவும் பத்தாது, கேசு போடணும்னு அம்மா சொல்லுதாக."

அவள் குரலில் இரக்கமே இல்லை. டார்லினுக்கு அது தப்பாகவும் படவில்லை.

கரோலின் போனபின் தேவதாசன் வட்டைத் தன் கணினியில் இணைத்தார். திரையில் 'நியூ வால்யூம்' என்ற பெயர் வந்தது. உள்ளே ஒரு கோப்புகூட இல்லை. அந்தப் பெயரின் கீழே அது உருவான தேதியும் நேரமும் இருந்தன.

"என்னம்மா தெரியுது?"

"காலி சார்."

"காலிதான். எந்த மாதிரிக் காலி?"

டார்லின் மறுபடி திரையைக் குனிந்து பார்த்தாள். அவர் விளக்கவில்லை. "ரசீதைப் பாத்துட்டு வருவோம்" என்று எழுந்தார்.

மேலப்பாளையத்தில் ஓர் அரிசிக் கடை வாசலில் ரசீத் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். தேவதாசன் பெயரைச் சொன்னதும் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, தண்டனைக்கு நிற்பவன்போல நின்றான்.

"என் தப்புதான் சார். வெள்ளிக்கிழமை. பென்டிரைவ் போட்டு லேப்டாப்பைத் திறந்தேன். பழைய வட்டு உள்ளயே இருந்துது. புதுசை வெளியில வயர்ல மாட்டி நகலை ஓடவிட்டேன். பாங்கு சொல்லிட்டாங்க. 'தொடாதீய அண்ணாச்சி, அதுபாட்டுக்கு ஓடட்டும்'னு சொல்லிட்டு ஜும்மா தொழுகைக்குப் போனேன். வந்து பாத்தா ஜெய்சன் அண்ணாச்சி தலையில கைவச்சு உக்காந்திருக்காரு. ரெண்டும் காலி. 'தலைகீழாப் போட்டுட்டியேலே'ன்னு அடிச்சாரு. தெருவே கூடிட்டு."

"எதுலேர்ந்து எதுக்குன்னு அழுத்தினது ஞாபகம் இருக்கா?"

"அன்னைக்குச் சரியாப் போட்டேன்னுதான் நெனச்சேன். இப்ப யோசிக்க யோசிக்க, தப்பாப் போட்ட மாதிரியேதான் தெரியுது."

"புது வட்டு பிரிக்காததா?"

"என் கையாலதான் கவரைப் பிரிச்சேன். மனசு கேக்காம அதையே லேப்டாப்புக்குள்ள மாட்டி, புதுசா விண்டோஸ் போட்டுக் குடுத்தேன். பழசைத் தொடவே பயம். கழட்டி அப்படியே கவர்ல போட்டுட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை தேவாலய ஆராதனை முடிந்த நேரத்தில் தேவதாசன் அழைத்திருந்த நால்வரும் மாடிக்கு வந்தார்கள். கரோலின், அவள் கணவன் ஜெய்சன், அவள் அம்மா யூனிஸ் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். ரசீத் கதவோரம் நின்றான். ஓய்வுபெற்ற தலைமையாசிரியையான யூனிஸ் அவனைப் பார்க்காமல் பைபிளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஜெய்சன் தம்பி" என்றார் தேவதாசன் மென்மையாக. "ரசீத் தொழுகைக்குப் போன நேரத்துல வேற யாராவது கடைக்குள்ள வந்தாங்களா? கேசுன்னு போனா அவன் வக்கீல் அதைத்தான் கேப்பாரு."

"ஒரு ஈ, காக்கா வரல சார். நான் எந்திரிக்கவே இல்ல. திரையையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

"நீங்க எதையும் தொடல?"

"தொடல. கர்த்தர் மேல ஆணை."

"அவன் வந்த பிறகு பழைய வட்டை?"

"அவனும் தொடல. என் கண்ணு முன்னாலதான் கழட்டினான்."

தேவதாசன் தலையசைத்தார். ஒவ்வொரு கதவாக ஜெய்சன் தானே சாத்திக்கொள்கிறான் என்று அப்போதுதான் டார்லினுக்குப் புரிந்தது.

"புது வட்டை அன்னைக்குத்தான் பிரிச்சிருக்கு. கடையில இருந்து வரும்போது அதுக்குள்ள பேரும் இருக்காது, கோப்பு வைக்கிற பிரிவும் இருக்காது. அதைப் பழைய வட்டு மேல தலைகீழா நகலெடுத்திருந்தா, பழசும் அதே மாதிரி வெறுமையா ஆகியிருக்கணும். ஆனா இந்தப் பழைய வட்டுல 'நியூ வால்யூம்'னு ஒரு பிரிவு இருக்கு. இல்லாத ஒண்ணை நகலெடுக்க முடியாது. யாரோ கையால எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மட் பண்ணியிருக்காங்க. அது உருவான நேரமும் இதுலயே பதிஞ்சிருக்கு. அந்த நேரம் ரசீத் பள்ளிவாசல்ல ஊரோட நின்னு தொழுதுக்கிட்டு இருந்தான். உள்ள இருந்தது நீங்க மட்டும். இப்ப நீங்களே சொன்னீங்க."

ஜெய்சன் மனைவியைப் பார்க்கவில்லை. மாமியாரைப் பார்த்தான்.

"அத்தை, நீங்களே சொல்லுங்க."

கரோலின் மெதுவாக அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"ஆமா, நாந்தான் சொன்னேன்" என்றாள் யூனிஸ். குரல் கொஞ்சமும் பிசிறவில்லை. "புருசனை இங்கன விட்டுட்டு எங்கயோ போய்ப் பூச்சி பிடிக்கணுமா? அது இல்லாமப் போனா நீ வீட்டுல இருப்ப. உன் நல்லதுக்குத்தான். மாப்பிள்ளை ரெண்டு நாள் தூங்கல, தெரியுமா?"

"இவன்மேல கேசு போடணும்னு சொன்னியேம்மா."

"வேற யார்மேல சொல்ல?"

கரோலின் அழவில்லை. எழுந்து, அவர்கள் இருவரையும் தாண்டிக் கதவோரம் போனாள். "ரசீத்" என்றாள். "எழுதின எல்லா இடத்துலயும் உண்மையை எழுதுதேன். என்னை மன்னிச்சிரு." அவன் கையைப் பிடிக்கத் தன் கையை நீட்டினாள்.

ரசீத் அதைக் கவனிக்கவே இல்லை. அவன் தேவதாசனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், ஒண்ணு கேக்கணும். அப்ப நான் நகலைச் சரியாத்தான் ஓடவிட்டிருக்கேன். புது வட்டுல பாதியாவது ஏறியிருக்கும்லா? அது என்னாச்சு?"

சொல்லாதீர்கள் என்று டார்லின் தேவதாசனிடம் கண்ணால் கெஞ்சினாள்.

"சொல்லுங்க சார்."

"பாதி ஏறியிருக்கும். ஜெய்சன் நிறுத்திட்டு, அதுலயும் பிரிவை அழிச்சிருக்கார். லேப்டாப்புக்குள்ள இருந்த பழைய வட்டு, ஃபார்மட் பண்ணினதும் தானாவே தன்னைத் துடைச்சுக்கும். வயர்ல தொங்கினது அநேகமா அப்படித் துடைச்சுக்காது. மேல காலின்னு காட்டினாலும் படங்கள் அடியில அப்படியே கிடந்திருக்கும். மீட்டிருக்கலாம்."

"நான் புதுசா விண்டோஸ் போடாம இருந்திருந்தா."

"ஆமா. அதுலதான் மிச்சமும் போச்சு."

கரோலினின் கை நடுவழியில் நின்றது. பிறகு அவள் அதை இழுத்துக்கொண்டாள். சற்றுமுன் அம்மாவைப் பார்த்த அதே பார்வையில் ரசீதையும் பார்த்துவிட்டு, படியிறங்கிப் போனாள். ஜெய்சன் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே பின்னால் ஓடினான். யூனிஸ் பைபிளை எடுத்துக்கொண்டு நிதானமாக எழுந்தாள். ரசீத் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தபடி அங்கேயே நின்றான்.

எல்லோரும் போனபின் டார்லினால் பொறுக்க முடியவில்லை.

"தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா சார்?"

"கேட்டானேம்மா" என்றார் தேவதாசன்.