பெயர் மிக நீளம்!

"ஐயோ... கங்காணி!"

பதினாலாம் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த வேலாயியின் அலறல், பனியைக் கிழித்துக்கொண்டு ஃபேக்டரி வரை கேட்டது.

பள்ளத்தில்... தேயிலைச் செடிகளுக்கு நடுவே... வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணி தங்கராஜு மல்லாந்து கிடந்தார். கண்கள் திறந்திருந்தன.

அவற்றுக்கு இனி வேலை இல்லை!

எட்டரை மணிக்கு டவுனிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினாள் போலீஸ் சார்ஜன் ரமணி.

"நேத்து சாயங்காலம் கங்காணிக்கும் இங்க கூலி வேலை பாக்குற வேலப்பனுக்கும் பெரிய சண்டை மேடம்," என்றான் மணியம். எஸ்டேட்டின் பூச்சிமருந்து ஸ்டோர் அவன் பொறுப்பில்.

"நான் இன்னும் எதுவும் கேக்கலையே?"

"கேப்பீங்கன்னு..."

அப்போது ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி உமாதேவி மூச்சு வாங்க ஓடி வந்தாள். உறவுக் கல்யாணத்துக்குக் கிளம்பிய பட்டுச்சேலை. கையில் போன்.

"சார்ஜன்... காலைல பனியை வீடியோ எடுக்கப் போனேன். வேற ஒண்ணு மாட்டிக்கிச்சு!"

ரமணி நிமிர்ந்தாள். "வாட்ஸ்அப்ல போடுங்க."

"இங்க ஏதுலா லைன்? புளூடூத்ல அனுப்புறேன்."

"யாராவது தள்ளிவிட்டாங்களா? யாரு?"

உமாதேவியின் பார்வை மணியத்தின் மேல் ஒரு கணம் பட்டு விலகியது. குரல் இறங்கிற்று.

"நான் வாயைத் திறக்க மாட்டேன். ஃபைலோட பேரைப் படிங்க. எல்லாம் அதுலயே அடிச்சு வெச்சிருக்கேன்."

அது அவள் பழக்கம். ஆபீஸில் அவள் வைக்கும் பெயரைப் படித்தால், ஃபைலைத் திறக்கவே வேண்டாம்!

ரமணியின் போன் அதிர்ந்தது.

'பெயர் மிக நீளம். சுருக்கிப் பெறவா?'

ரமணிக்கு ஆயிரம் வேலை. 'சரி'யைத் தட்டினாள்.

ஈப்போ போகும் கல்யாண வேன் ஹாரன் அடித்தது. உமாதேவி ஏறிக்கொண்டாள். வேன் வளைவில் மறைந்தது.

ரமணி வீடியோவைத் தொட்டாள்.

'இந்த ஃபைலைத் திறக்க முடியவில்லை.'

"சை!"

ஆனால் பெயர் இருந்தது. படித்தாள்.

'இன்று காலை ஏழு மணிக்கு பதினாலாம் மலையில் தங்கராஜு அண்ணனைப் பள்ளத்தில் தள்ளிவிட்டது வேலப்பன்'

தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த மணியத்தின் முகம் முதலில் வெளுத்தது. பிறகு... பூவாக மலர்ந்தது!

"பாத்தீங்களா மேடம்! நான் சொல்லல?"

பத்தே நிமிடத்தில் வேலப்பன் கையில் விலங்கு.

"நான் இல்லைங்கம்மா! சண்டை போட்டது நெசம். கொல்ற அளவுக்கு எனக்கு மனசு இல்லைங்க!"

"எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க. ஏறு!"

அவன் மனைவி துளசி செருப்பில்லாமல் ஜீப்பின் பின்னால் ஓடி வந்தாள். ஃபேக்டரி வளைவு வரை ஓடினாள். ரமணி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மனசு இளகிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

மதியம். ஸ்டேஷன்.

மணியம் தானாகவே வந்து நின்றான். புதுச்சட்டை வேறு!

"உண்மையைச் சொல்லிடறேன் மேடம். நான் கண்ணால பார்த்தேன்."

"காலைல ஏன் சொல்லல?"

"பயம்லா. இப்பதான் வேலப்பன் உள்ள இருக்கானே!"

"எவ்வளவு தூரத்துல நின்னீங்க?"

"பத்தடி. கங்காணி, நான், வேலப்பன். வேற ஒரு ஈ காக்கா இல்ல!"

ரமணி எழுதிக்கொண்டாள். அவன் கையெழுத்துப் போட்டான். அழகான கையெழுத்து.

அடுத்த மேஜையில் ரமணியின் போனை நோண்டிக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் ரூபன், "மேடம்... இது பாதிப் பேரு!" என்றான்.

"என்ன பாதி?"

"பேருக்கு ஒரு அளவு இருக்கு. இங்கிலீஷ் எழுத்துன்னா ஒரு இடம் பிடிக்கும். தமிழ் எழுத்து மூணு இடம். கொம்பு, புள்ளி, சுழிக்கெல்லாம் தனியா மூணு! அந்த அக்காவோட மெமரி கார்டு தாங்கிடுச்சு. உங்க போன் தாங்கல. வாலை வெட்டிருச்சு."

"அதனாலதான் திறக்கலையா?"

"ஆமா. கடைசில வர்ற 'எம்பி4' வாலோட போயிருச்சு. வீடியோன்னே போனுக்குத் தெரியல."

ரமணி பேனாவைக் கீழே வைத்தாள்.

"அப்படின்னா... 'வேலப்பன்'னுக்குப் பின்னாடியும் ஏதோ இருந்திருக்கு?"

மணியம் எழுந்தான். "நான் கிளம்புறேன் மேடம். ஸ்டோரைத் திறந்து போட்டுட்டு..."

"உக்காருங்க!"

ரூபன் பெயரைச் சுருக்கி 'அ' என்று வைத்தான். பின்னால் 'எம்பி4' சேர்த்தான். தட்டினான்.

பனி. தேயிலை. அதன் நடுவே இரண்டு உருவங்கள்... இரண்டே இரண்டு!

"ஓடையில விஷ டிரம்மைக் கொட்டிருக்கியேடா! லயத்து வீட்டுப் புள்ளைங்க குடிக்கிற தண்ணிடா! இப்பவே மேனேஜர் துரைகிட்ட சொல்றேன்!" கங்காணி கத்தினார். திரும்பினார்.

அவர் முதுகில் பதிந்தன இரண்டு கைகள்.

மணியத்தின் கைகள்!

அந்த நேரம் பார்த்து ரமணியின் போன் அடித்தது. உமாதேவி!

"சார்ஜன், இப்பதான் லைன் கிடைச்சுது. மணியத்தைப் பிடிச்சிட்டீங்களா?"

"பேரு வேலப்பன்னு முடியுதேம்மா!"

"எங்க முடியுது? 'வேலப்பன் அல்ல, மணியம்தான்'னு அடிச்சேனே! எல்லாரும் வேலப்பனைத்தானே சந்தேகப்படுவாங்கன்னு, பாவம், அவன் பேரை முதல்ல போட்டேன்!"

ரமணி போனை வைத்தாள். எழுந்து போய்த் தன் கையாலேயே வேலப்பனின் விலங்கைக் கழற்றினாள். அவன் மணிக்கட்டு சிவந்திருந்தது.

"தப்பு என்னோடதுய்யா," என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"ஜீப்புல கொண்டுபோய் விடுங்க ரூபன். துளசி இன்னும் ரோட்டுலதான் நிப்பா. போற வழியில ஓடைத் தண்ணியை யாரும் தொடக் கூடாதுன்னு லயத்துல சொல்லிடுங்க."

பிறகு மணியத்திடம் வந்தாள். பத்தடி தூரத்தில் நின்றதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளை, அவன் மூக்குக்கு நேரே ஆட்டினாள்.

"நீங்களா வந்து ஆஜரானதுக்கு ரொம்ப நன்றி. முழுப் பேரைச் சொல்லுங்க."

மணியம் புதுச்சட்டையின் காலரைத் தளர்த்தினான்.

"பாலசுப்பிரமணியம்... அப்பா பேரு வெங்கடாசலபதி... ரொம்ப நீளம் மேடம்..."

"பரவால்ல. எங்க லாக்கப்புல எவ்வளவு நீளப் பேரா இருந்தாலும் முழுசா இறங்கும்லா!"